மேல் விலை, கீழ் விலை

கச்சிராயபாளையம் தாண்டி, மலைப்பாதையில் மூன்றாவது வளைவு ஏறும்போது எனக்கு அது உறைத்தது. டிரைவர் முதல் கியருக்கு வந்திருந்தார், பஸ் முனகிக்கொண்டு ஏறியது. மடியில் கணக்கெடுப்புப் படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரிடம் நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"மலையில இருக்கறவங்க நாம நெனைக்கிற அளவுக்கு ஏழைங்க இல்லைங்க. மாசச் செலவு எழுதிக்கினு வந்திருக்கேன் பாருங்க. வடக்கனந்தல் பக்கம் கூலிக்காரங்க தெரு ஒண்ணு எழுதினேனே, அதவிட மேல ஒரு வூட்டுச் செலவு ஜாஸ்தி."

"உப்புக்கு இன்னா எழுதினீங்க?" என்றார்.

புரட்டினேன். "மேல மாசம் மூணு ரூபா. வடக்கனந்தல்ல ஒண்ணரை."

"அப்போ மலைக்காரன் ரெண்டு பங்கு உப்பு துன்றானா தம்பி?"

முன் சீட்டில் பலாப்பிஞ்சு மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து, "அதான் எங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி" என்றார். பாதி பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாயை மூடுவதற்குள் படிவத்தை மறுபடி புரட்டினேன்.

எங்கள் படிவத்தில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேள்வியே கிடையாது. எத்தனை ரூபாய் செலவானது என்று மட்டும்தான். அதே உப்பு, அதே அளவு. மேலே இரண்டு மடங்கு விலை. பொருள் ஏறி வருகிற தூரத்துக்காக அவர்கள் கூடுதலாகக் கொடுத்த காசை, கூடுதல் வசதி என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். உப்பில் மட்டுமா? மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சோப்பு, மிளகாய், காய்ச்சல் மாத்திரை, எல்லாவற்றிலும். முப்பத்தோரு வீடு. முப்பத்தொன்றிலும் என் கையெழுத்து.

வெறும் கணக்காக இருந்திருந்தால் பரவாயில்லை. மாசச் செலவு குறைவாக உள்ள ஊர்களுக்குத்தான் புதிதாக ரேஷன் கடை என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. நான் எழுதிய மலை ஊர்க்காரர்களுக்கு அட்டை இருந்த கடை இரண்டு மலை தாண்டி. அதற்குப் போக முடியாமல்தான் பக்கத்துப் பெட்டிக்கடையில் இரண்டு மடங்கு கொடுத்தார்கள். இரண்டு மடங்கு கொடுத்ததால் ஏழைகள் பட்டியலிலிருந்து வெளியே போகப்போகிறார்கள். வெளியே போனால் கடை வராது. கடை வராவிட்டால் இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் கண்டக்டர் நாலு சீட் தள்ளிப் போய்விட்டார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் மலையில் யாருக்கும் புரியாது, அங்கே அவர் வெறும் கண்டக்டர்தான். ஒல்லி. காக்கிச் சட்டையில் தோள்பை அழுத்துகிற இடம் மட்டும் வெளுத்திருக்கும். விசில் இருந்தது, ஊதி நான் பார்த்ததில்லை. உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் வண்டி நகரும், ஒரு தட்டு தட்டினால் நிற்கும். டிரைவருக்குத் தூக்கத்தில்கூட அந்தத் தட்டு கேட்கும் என்பார்கள்.

அவர் டிக்கெட் கொடுப்பதைக் கேட்க வேண்டும்.

"கரியாலூர் ஒண்ணு. கீழ தக்காளி ரெண்டு ரூபாக்கு வந்துடுச்சு. வெள்ளிமலை ரெண்டு, சில்லறை குடுங்கக்கா. புளி வெச்சிருக்கறவங்க வெச்சிக்கினே இருங்க, கள்ளக்குறிச்சி மண்டியில இன்னிக்கு ஏத்தம். பரிகம் யாரு? பரிகத்துக்குச் சோப்பு வாங்கிக்கினு போறியே, கச்சிராயபாளையத்துல எட்டணா கம்மி, அங்கயே எறங்கி வாங்கியிருக்கலாம்ல?"

ஊர்ப்பெயர் எது, விலை எது என்று முதல் இரண்டு நாள் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஏறும்போது கீழே என்ன விலை என்று சொல்வார். இறங்கும்போது மேலே என்ன விலை என்று சொல்வார். யாரும் கேட்டுச் சொன்னதில்லை. சர்க்கார் சொல்லச் சொல்லியும் சொன்னதில்லை. மேலே போகிற சாமானும் கீழே வருகிற சாமானும் அந்த ஒரே பஸ்ஸின் கூரையில்தான் போய்வந்தன. அதனால் இரண்டு பக்கத்து விலையும் தினமும் காதில் விழுகிற ஒரே ஆள் அவர். காதில் விழுந்ததை வாயில் வைத்திருக்க அவரால் முடியாது.

ஊர்ப்பெயர் சேர்க்காமல் ஒரு விலையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் சும்மா பேச்சுக்கு, "வெலவாசி ஏறிப்போச்சுங்க" என்றேன். எல்லாரும் சொல்வதுதானே.

"எங்க?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எந்த ஊரில் என்று தெரிந்துகொள்ள, டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார். நான் படித்த பாடப்புத்தகத்தில் விலைவாசி ஏறுவதற்கு ஊர் கிடையாது.

அவருடைய மகள் கல்யாணக் கதையை டிரைவர்தான் எனக்குச் சொன்னார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. மெட்ராஸில் கம்பெனி வேலையில் இருக்கிற மாப்பிள்ளை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யாரும் கண்ணால் பார்த்திராத சம்பளம். திருக்கோவிலூரிலிருந்து இன்னொரு வரன், அச்சாபீஸில் வேலை, சம்பளம் ஏறக்குறைய பாதி. வீட்டில் எல்லாரும் மெட்ராஸ் என்றார்கள். இவர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. அவர் குடியிருந்த தெருவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்திருக்கிறார். இட்லி என்ன விலை, பால் என்ன விலை, ஒரு ரூம் வாடகை எவ்வளவு, குடத்துத் தண்ணீர் எவ்வளவு. திரும்பி வந்து, "திருக்கோவிலூருக்குக் குடுத்துடலாம்" என்றாராம்.

"அவங்க வூட்டம்மா ஒரு வாரம் இவரு கூடப் பேசல" என்றார் டிரைவர். "பொண்ணுக்கு மாப்ள பாக்கச் சொன்னா இட்லி தின்னு பாத்துக்கினு வந்திருக்கானேன்னு ஊரே சிரிச்சுது."

"நான் எங்க தின்னேன்? வெலயத்தான் கேட்டேன்" என்றார் கண்டக்டர். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "தண்ணிய வெலக்கி வாங்கற ஊருக்கு எப்டிய்யா புள்ளயக் குடுக்கறது?" என்றார்.

மகள் திருக்கோவிலூரில் சுகமாகத்தான் இருந்தாள். ஆனால் அவர் மனைவி அவரை விடவில்லை. யாராவது வீட்டுக்கு வந்து, என் பையன் இவ்வளவு சம்பாதிக்கிறான் என்று ஆரம்பித்தால் போதும், "இந்த மனுஷனாண்ட சொல்லாதீங்க, எந்த ஊருன்னு கேப்பாரு" என்பாராம்.

இத்தனை பேசுகிறவரை, முதல்முதல் பார்த்தபோது நான் ஊமை என்றே நினைத்தேன்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் முழுக்க இடஒதுக்கீட்டுப் போராட்டம். டீக்கடையில் உட்கார்ந்தால் சதவீதம்தான் பேச்சு. நாங்கள் எத்தனை பேர், அதில் படித்தது எத்தனை பேர், ஆபீஸ் நாற்காலியில் எத்தனை பேர், எண்ணிப் பார்த்துக் கொடு என்பதுதான் கோரிக்கை. என் பெரியப்பா பையன்கள் இரண்டு பேரும் மறியலுக்குப் போனார்கள். நான் பரீட்சை ஒன்று எழுத மெட்ராஸ் போய்விட்டுத் திரும்புகையில் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டேன். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை லாரி. காலையில் நாற்பது பைசாவுக்குத் தின்ற இட்லி சாயங்காலம் ஒரு ரூபாய். மறுநாள் ஒரு ரூபாய்க்கும் இல்லை. அங்கிருந்து நடந்தும், ஒரு புண்ணியவான் சைக்கிளில் தொற்றியும் கள்ளக்குறிச்சி வந்தால், மார்க்கெட்டில் தக்காளி குவியல் குவியலாகக் கிடக்கிறது. ஏற்றிக்கொண்டு போக வண்டி இல்லை. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஒரு பகல் நடைக்குள் பசியும் பார்த்தேன், தக்காளி சேறும் பார்த்தேன். அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. கால் வலி மட்டும் இருந்தது.

மறியல் முடிந்து மலைக்கு ஏறிய முதல் பஸ்ஸில்தான் நானும் ஏறினேன். கணக்கெடுப்பில் தற்காலிக வேலை கிடைத்து அன்று முதல் நாள். பஸ் நிறைய ஆள், சத்தமே இல்லை. கண்டக்டர் வந்தார், கையை நீட்டினார், காசு வாங்கினார், டிக்கெட்டைக் கிழித்தார், நகர்ந்தார். ஊமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கரியாலூருக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் காலி மண்ணெண்ணெய் டின். மலையில் யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள், அதில் மரியாதைக் குறைவு கிடையாது.

"இன்னா கண்டக்டரே, வாயக் கீழ வுட்டுட்டு வந்துட்டியா?" என்றாள்.

அவர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

"கேக்கறேன் இல்ல?"

"என் வாயாலதான் நீங்க கெட்டீங்க" என்றார் அவர். தலையைத் தூக்கவில்லை.

விஷயம் எனக்குப் பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. மறியலுக்கு முந்தின வாரம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குக்கு நல்ல விலை என்று இவர்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். வழக்கமாக மேலே வந்து தரகர் சொல்கிற விலைக்குக் கொடுக்கிறவர்கள், இந்தத் தடவை நாமே லாரி பிடித்து அனுப்பலாம் என்று பிடுங்கிக் குவித்திருக்கிறார்கள். அன்றைக்கு ரோடு அடைபட்டது. பிடுங்கிய கிழங்கு மூன்றாம் நாள் உள்ளே நீலம் பாய்ந்துவிடும், அப்புறம் பன்றிகூடத் தொடாது. அவர் சொன்ன விலை பொய்யில்லை. ஆத்தூரில் அது அதே விலைதான். நடுவே ரோடு இல்லை, அவ்வளவுதான்.

"மரத்த நீயா வெட்டிப் போட்ட?" என்றாள் அந்தப் பெண்.

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற? எண்ணெ எவ்ளோ சொல்லு."

அவர் டிக்கெட் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "கச்சிராயபாளையம் கடையில ரேஷன் வெல. வெளியில அஞ்சு ரூபா. வெள்ளிமலையில ஏழு கேக்கறான்" என்றார். பின்னால் யாரோ, "உப்பு?" என்றார்கள். இன்னொருவர், "புளிக்கு இன்னா போடறான் மண்டியில?" என்றார். வெள்ளிமலை வருவதற்குள் அவருக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது. ஆனால் கிழங்கு விலையை மட்டும் அதற்குப் பிறகு அவர் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை. யாராவது கேட்டால், "தரகரக் கேளுங்க" என்று அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்.

அந்தப் பெண்ணின் வீடுதான் என் முப்பத்தோரு வீட்டில் முதல் வீடு. போன முப்பது நாளில் என்ன செலவு என்று கேட்டு எழுதினேன். மறியல் நாட்களும் அதற்குள் அடங்கின. பெட்டிக்கடைக்காரர் உப்பையும் எண்ணெயையும் சொன்ன விலைக்கு விற்ற நாட்கள். அவள் வீட்டுச் செலவு எப்போதும் இல்லாத அளவு ஏறியிருந்தது. எழுதும்போது, பரவாயில்லையே என்று நினைத்தேன். நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது வளைவுக்குப் பிறகு எனக்கு வேகம் பிடித்துவிட்டது. எனக்கு எது புரிந்தாலும் அன்றைக்கே உலகத்துக்குப் புரிந்தாக வேண்டும். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தேன். "மலையில எல்லாமே ரெண்டு மடங்குன்னு எழுதப்போறேங்க. செலவப் பாதியா வகுத்துட்டா சரியாப் போச்சு."

"வெறகு?" என்றார்.

"வெறகு... பொறுக்கிக்கறாங்க."

"கள்ளக்குறிச்சியில ஒரு கட்டு வெறகு இன்னா வெல? சாமை? கீரை? வூட்டு வாடகை?" விரலை மடக்கிக்கொண்டே போனார். "நேத்து அந்தப் பக்கமாச் சாஞ்சீங்க, இன்னிக்கு இந்தப் பக்கமாச் சாயறீங்க. கம்பியப் புடிச்சிக்கினு நில்லுங்க தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. அவர் என் பக்கம் என்று நினைத்திருந்தேன். அவர் யார் பக்கமும் இல்லை. மலையில் எது மலிவோ அதையும் சொன்னார், எது கிராக்கியோ அதையும் சொன்னார். ஆனால் ராத்திரி விளக்குக்கும் குழம்புக்கும் காய்ச்சலுக்கும் வேண்டியவை எல்லாம் கீழிருந்து ஏறுகிறவை. அவற்றையும் மேலேயே விளைகிறவற்றையும் தனித்தனியாக எழுதினால்தான் கணக்கு நிற்கும். அதை அவர் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கோபத்தில் எனக்கே தோன்றியது.

அந்த மாசக் கடைசியில் தினப்படிப் பணம் வாங்க ஆபீஸில் கையெழுத்துப் போடும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சமவெளியில் வேலை பார்த்த நாளுக்கு ஒரு படி. மலையில் வேலை பார்த்த நாளுக்குக் கொஞ்சம் சேர்த்து. ஏன் சார் என்று கேட்டேன்.

"மலைப்படிப்பா. மேல சாமான் வெல ஜாஸ்தி இல்ல?" என்றார் எங்கள் அதிகாரி. நல்ல மனிதர். ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அப்போ மலைக்காரங்க செலவ மட்டும் ஏன் சார் கீழ் விலைக்குச் சமமாக் கணக்குப் பண்றோம்?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "படிவத்துல கட்டம் இல்லப்பா" என்றார். "மாவட்டத்துக்கு ஒரே விலைதான். நான் ஒருத்தன் கட்டம் போட முடியுமா? படிவம் ஏற்கெனவே போயாச்சு."

கட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டு மலைப்படியை வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதியாக வேண்டும்.

பட்டியல் வந்தது. சமவெளியில் நான் எழுதிய வடக்கனந்தல் கூலிக்காரர் தெருவுக்குக் கடை வந்தது. அவர்களும் ஏழைகள்தான், கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்களுக்குப் பழைய கடை கூப்பிடு தூரம். மலையில் என் முப்பத்தோரு வீடு பட்டியலில் இல்லை. அந்தத் தெருவைவிட வசதியான ஊர் என்று இருந்தது. எண்ணைக் கொடுத்தது நான்.

மலைப் பஸ்ஸில் அதற்குள் வேறு கண்டக்டர் வந்திருந்தார். விசில் ஊதுகிறவர். கிழங்குத் தரகர்கள் புகார் எழுதிப் போட்டுத்தான் பழையவரை மாற்றினார்கள் என்றார் டிரைவர். டிப்போவில் விசாரித்தபோது, எல்லாருக்கும் வருகிற இடமாற்றம்தான் என்றார்கள். எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. பஸ் வளைவில் திரும்பும்போது முன்பெல்லாம் சத்தமாக இருக்கும். இப்போது ஆளுக்கொரு பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். புளி விலை என்ன என்று ஒருத்தி கேட்டாள். "எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் புதியவர். அவர் மீது குற்றமில்லை, டிக்கெட் கொடுப்பதுதான் அவர் வேலை.

பழைய கண்டக்டரைக் கடைசியாகப் பார்த்தது உளுந்தூர்பேட்டையில். மெட்ராஸ் வண்டிக்குப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு நிறுத்தியிருந்த இடத்தில் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "சர்வே தம்பி" என்று கூப்பிட்டார். இளைத்திருந்தார். காக்கி மட்டும் புதுசு.

"எப்டி இருக்கீங்க?"

"இருக்கேன். இந்த வண்டியில யாரும் வெல கேக்க மாட்டேன்றாங்க தம்பி. ஏறினவொடனே தூங்கிடறாங்க." டீயை ஆற்றிக் குடித்தார். "மாம்பலத்துல தக்காளி ஆறு ரூபா. கள்ளக்குறிச்சியில ரெண்டு. நடுவுல எட்டு மணி நேரந்தான். யாராண்ட சொல்றது?"

என்னிடம் சொன்னார். அரைமணி நேரம் சொன்னார். விழுப்புரத்தில் வாழைப்பழம், செங்கல்பட்டில் வாடகை, தாம்பரத்தில் தண்ணீர். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். எழுந்து போனவர் படியில் கால் வைத்தபடி திரும்பி, "மேல கடை வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது தெரியவில்லை. ரோட்டு இரைச்சலில் கேட்காத மாதிரி நின்றேன். கூட்டத்தில் ஒருவர் அவரைத் தள்ளிக்கொண்டு ஏறினார். தகரத்தில் இரண்டு தட்டு. வண்டி போய்விட்டது.

அந்த மறியல் நடந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இப்போது வடக்கே இடஒதுக்கீட்டுக்காகவும் எதிர்த்தும் ஊரெல்லாம் பற்றி எரிகிறது என்று ரேடியோ சொல்கிறது. டீக்கடையில் மறுபடியும் சதவீதம். யார் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று எல்லாரும் எண்ணைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு எண்ணைக் கேட்கும்போதும் எனக்கு ஒரு காக்கிச் சட்டைக்காரர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நிற்பது தெரிகிறது.

ரேஷன் கடைப் பட்டியலைத் திருத்தப்போகிறார்கள். புதுக் கணக்கெடுப்பு. மலைக்குப் போக யாரும் முன்வரவில்லை, நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். படிவம் அதேதான், கட்டம் இல்லை. ஆனால் கூட ஒரு தாள் இணைத்து அனுப்பினால் தடுக்கமாட்டேன் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். "மேல படிப்பாங்களான்னு மட்டும் என்னக் கேக்காத" என்றும் சொன்னார்.

ஒரு தாள் போதும் என்று நினைத்தேன். பன்னிரண்டு சாமான். கீழிருந்து ஏறுகிறவை எட்டு, மேலேயே கிடைக்கிறவை நாலு. பன்னிரண்டுக்கும் ஒரே வாரத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு விலை, கச்சிராயபாளையத்தில் ஒரு விலை, வெள்ளிமலைச் சந்தையில் ஒரு விலை. மலை வீட்டுச் செலவை மேல் விலையால் வகுத்துக் கீழ் விலையால் பெருக்கினால், அந்தச் செலவு கீழே எவ்வளவுக்குச் சமம் என்று தெரிந்துவிடும். சுத்தமான கணக்கு. போன வாரம் மேலே போய், முதல் வீட்டுப் பெண்ணிடம் அந்தத் தாளைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவள் கிழங்குத் தோல் சீவிக்கொண்டே கேட்டாள்.

"எண்ணெய்க்கு எவ்ளோ எழுதியிருக்க?"

"ரேஷன்ல வாங்கினா ரேஷன் விலை. பெட்டிக்கடையில வாங்கினா பெட்டிக்கடை விலை."

"ரேஷனுக்குப் போற நாளு?"

"நாளா?"

"ரெண்டு மல தாண்டிப் போய் வர ஒரு பொழுது ஆவுது. அன்னிக்குக் கூலி இல்ல. போய் நின்னா தீந்துபோச்சும்பான். மறு வாரம் இன்னொரு நாளு." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ எழுதிக்கினு இருக்கறது எண்ணெ வெல. என் வெல எங்க?"

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கீழே வரும்போது முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதிவிடலாம். எளிது. ஆனால் அது முழு நாளா, அரை நாளா? சுமையோடு ஏறும்போது எவ்வளவு, இறங்கும்போது எவ்வளவு? எத்தனை தடவை வெறும் டின்னோடு திரும்புகிறாள்? ஆபீஸில் உட்கார்ந்து நான் போடுகிற எந்த எண்ணையும் மேலதிகாரிகள் ஊதித் தள்ளிவிடுவார்கள்.

திங்கட்கிழமை அந்தக் கடையில் எண்ணெய் ஊற்றுகிற நாள். விடிந்ததும் கிளம்புவாளாம். முந்தின நாளே மேலே போய்ப் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொள்வதாக வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். வாட்ச் கட்டிக்கொண்டு அவள் வாசலிலிருந்து கடை வரைக்கும், கடையிலிருந்து வாசல் வரைக்கும் கூடவே நடக்கப்போகிறேன். நானும் ஒரு டின் தூக்குவேன். எண்ணெய் கிடைத்தால் ஆன நேரத்தை எழுதுவேன், கிடைக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை மறுபடியும். மற்ற பதினோரு சாமானுக்கும் மூன்று ஊர் விலையும் நிரப்பிவிட்டேன். மண்ணெண்ணெய்க்கு நேரே மட்டும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.